இனிப்பே தொடாதவளுக்கு 6.1

"நீதான் இனிப்புப் பக்கமே போகமாட்டியே அம்மணி, உனக்கெப்படி சுகர்?" ரிப்போர்ட் வந்ததிலிருந்து இதைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்கிற தொனியில் பாதி பரிதாபம், பாதி சந்தேகம். யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் ஜாங்கிரி தின்றிருப்பாளோ என்கிற சந்தேகம்.

வயசு 44. எடை 54 கிலோ. மழை பெய்தாலொழிய காலையில் ரேஸ்கோர்ஸ் நடையை விடுவதில்லை. காபியில் சர்க்கரை போடுவதை விட்டுப் பல வருஷம் ஆச்சு. ஆபீஸில் எல்லாருக்கும் எடுத்த ஹெல்த் செக்கப்பில் ஹெச்பிஏ1சி (கடந்த ரெண்டு மூணு மாசத்து ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற டெஸ்ட்) 6.1, வெறும் வயிற்றில் சர்க்கரை 104. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "பார்டர்ல இருக்கீங்க. வெயிட் குறைங்க, வாக்கிங் போங்க, ஸ்வீட் வேண்டாம்" என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் முதல் வரியையாவது விட்டிருப்பார்.

சர்க்கரையை நாம் ஒழுக்கத்துக்கான மார்க் ஷீட்டாக ஆக்கி வைத்திருக்கிறோம். வந்தால் தின்னுக் கெட்டவர், வராவிட்டால் கட்டுப்பாடான ஆள். இதனால் ரெண்டு கெடுதல். வந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள்; என் சித்தி மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தது மருமகளுக்கே ரொம்ப நாள் தெரியாது. வயிறு ஒட்டியிருக்கிறவர்களோ டெஸ்ட் எடுக்கவே போவதில்லை. எனக்கு இந்த ரெண்டாவதுதான் பெரிய கவலை.

புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் ரெண்டு பேர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடுகிற கணக்கு) ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ரெண்டு பேரும் ஒல்லிதான். நம்மில் நிறையப் பேருக்குத் தசை கம்மி. கொழுப்பு வெளியே தெரியாமல் வயிற்றுக்குள்ளேயும் கல்லீரலிலேயும் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது தசை. அது கம்மியாக இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்சுலின் சுரக்கிற கணையமும் நம்மவர்களுக்குச் சீக்கிரமே களைத்துப்போகிறது. நம் ஆட்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே அதிக எடை என்று வைத்திருப்பது இதனால்தான். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதைத் தாண்டக்கூடாது. எத்தனை கிளினிக்கில் இஞ்ச் டேப்பை எடுத்து அளக்கிறார்கள்?

இதோடு பரம்பரை. அப்பாவுக்கு இருந்தது, ரெண்டு அத்தைகளுக்கும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, என் ரெண்டாவது பிரசவ சமயத்தில் எனக்கே சுகர் இருந்தது. குழந்தை பிறந்ததும் நார்மலுக்கு வந்துவிட்டது. "இனி கவலையில்ல, வீட்டுக்குப் போலாம்" என்று அனுப்பிவைத்தார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், ஆயுசு முழுக்க அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்கணும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. குளுக்கோஸ் தண்ணியைக் குடிக்கவைத்து டெஸ்ட் எடுப்பது நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட ஒழுங்காக நடக்கிறது. பிரசவம் முடிந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்க ஆள் இல்லை. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்கு அன்றைக்கே ஒரு டெஸ்ட் எடுத்தால் என்ன?

அடுத்து சாப்பாடு. நான் ஆரோக்கியமாகத்தான் சாப்பிட்டேன், நம்ம ஊர் அர்த்தத்தில். காலையில் ராகிக் கஞ்சி, மத்தியானம் சாதம், சாயங்காலம் பழம், ராத்திரி கோதுமை தோசை. எண்ணெய் கம்மி, மைதா இல்லை. கூட்டிப் பார்த்தால் நாள் முழுக்க மாவு, மாவு, மாவு. இந்தியர்களின் சாப்பாட்டில் சராசரியாக 62 சதவீதம் சக்தி மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று நாடு முழுக்கச் சர்க்கரை நோயைப் பற்றி நடத்திய ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வு 2025-இல் சொன்னது. அதே ஆய்வில் இன்னொன்று: வெள்ளை அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் என்று புரதம் வந்தால்தான் குறைகிறது. சிறுதானியம் என்று போர்டு மாட்டிய கடைகளை நினைத்துக்கொண்டேன்.

குளுக்கோமீட்டர் வாங்கி வீட்டிலேயே பார்த்தேன். நன்றாகக் காய்ச்சி, வடிகட்டி, மோர் ஊற்றிய ராகிக் கஞ்சி. குடித்து ஒரு மணி நேரம் கழித்து விரலில் குத்தி, சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்தால் 170-க்கு மேலே காட்டுகிறது. ரெண்டு இட்லியோடு முட்டையும் ஒரு கிண்ணம் பச்சைப்பயறு சுண்டலும் சாப்பிட்ட அன்றைக்கு 140-ஐத் தாண்டவில்லை. ராகி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மாவாக்கி, கூழாக்கி, வெறும் வயிற்றில் குடித்தால் எந்தத் தானியமும் வேகமாகத்தான் ஏறும். கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் இதே கதைதான். நிறம் மாறினாலும் உள்ளே சர்க்கரைதான்.

"இந்த பார்டர் எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் போட்ட கோடு" என்று ஒரு கூட்டம் இருக்கிறது. கோட்டை மனுஷன்தான் போட்டான், மறுக்கவில்லை. வெறும் வயிற்றில் 110 என்று இருந்த எல்லையை அமெரிக்க டயபடிஸ் சங்கம் 2003-இல் 100-க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110-லேயே நிற்கிறது. அதாவது என் 104 ஒரு கணக்கில் பிரச்சினை, இன்னொரு கணக்கில் நார்மல். ஹெச்பிஏ1சி-யும் எப்போதும் சத்தியம் பேசாது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம்ம பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தம் சரியாக இருக்கிறது? எனவே அந்த ஒரு நம்பரை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) பாருங்கள். டாக்டரிடம் கேட்டு, 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து ரெண்டு மணி நேரம் கழித்து எடுக்கிற டெஸ்ட்டை ஒரு தடவை எடுத்துவிடுங்கள். எனக்கு அதில் 158 வந்தது. 140-க்குள் இருந்திருக்கணும். அதோடு என் சந்தேகம் தீர்ந்தது.

அந்த டெஸ்ட்டில் எல்லையைத் தாண்டியவர்களை வைத்துச் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-இல் வந்தது. வழக்கம்போல விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று வருஷத்துக்குள் சர்க்கரை நோயே வந்துவிட்டது. சாப்பாடும் நடையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம். வித்தியாசம் பெரிசுதான். ஆனால் அந்த 39-ஐயும் பாருங்கள். சொன்னபடி நடக்க முயன்றும் அவர்களுக்கு வந்தது. அவர்களைப் போய் "என்ன தின்னீங்க?" என்று கேட்போமா?

இத்தனை வருஷ நடை வீணா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இல்லை என்றுதான் நினைக்கிறேன். நடக்காமல் இருந்திருந்தால் இது பத்து வருஷம் முன்னாலேயே வந்திருக்கலாம், யார் கண்டது. இப்போது நடையோடு டம்பெல்லும் தூக்குகிறேன், தசை வேண்டுமே. ராத்திரிச் சாப்பாடு முடிந்து டிவி முன்னால் உட்காராமல் மொட்டை மாடியில் கொஞ்சம் நடை. தட்டில் முதலில் பொரியல், பருப்பு, சுண்டல். சாதம் கடைசியில், பழைய அளவில் பாதி. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்று வேறொரு டாக்டர் சொல்லியிருக்கிறார். தேவை என்றால் போடுவேன், வெட்கமில்லை.

திருப்பூரில் இருக்கிற என் தம்பிக்கு 39 வயது, தட்டையான வயிறு. "எனக்கெல்லாம் வராதுக்கா" என்று சிரிக்கிறான். அதே அப்பாவுக்குப் பிறந்தவன்தானே! வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்பிலிருந்து ஆள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கச் சொல்லி நானே பணம் கட்டிவிட்டேன். வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லி அவன் மனைவியிடமும் சொல்லியாச்சு.

பாகற்காய் ஜூஸ், ஆவாரம்பூக் கஷாயம், நாவல்கொட்டைப் பொடி என்று இன்பாக்ஸுக்கு வர இருப்பவர்களுக்கு: அன்புக்கு நன்றி, எங்கள் வீட்டில் ஏற்கனவே மூன்று டப்பா இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் அனுப்பிவைக்கிறேன்.