அவர்கள் துரோகிகள் இல்லை

அமெரிக்காவின் போர்ட் சிகாகோவில் குண்டு ஏற்ற மறுத்த கறுப்பினக் கடற்படை வீரர்களைப் பற்றிய நேற்றைய பதிவின் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "போர் நேரத்தில் வேலை செய்ய மறுத்தவன் துரோகிதான்" என்று ஒருவர் எழுத, வரிசையாக ஹார்ட் விழுந்திருக்கிறது. போட்டவர்களில் என் நண்பர்களும் உண்டு. ராத்திரி தூக்கமே வரவில்லை.

1944 ஜூலை 17. கலிஃபோர்னியாவின் போர்ட் சிகாகோ கடற்படைத் தளத்தில் சரக்குக் கப்பலில் குண்டு ஏற்றும்போது வெடித்து 320 பேர் செத்தார்கள். 202 பேர் கறுப்பர்கள். ஏற்றியவர்கள் கறுப்பர்கள், அதிகாரிகள் வெள்ளையர்கள். வெடிபொருளைக் கையாள முறையான பயிற்சி தரவில்லை. எந்த அணி வேகமாக ஏற்றும் என்று அதிகாரிகள் பந்தயம் கட்டினார்கள். வெடிப்புக்குப் பிறகு அதிகாரிகளுக்கு விடுப்பு கிடைத்தது. கூட்டாளிகளின் உடல்களைப் பொறுக்கியவர்களுக்கு இல்லை. மூன்றே வாரத்தில் மறுபடி ஏற்றச் சொன்னார்கள். 258 பேர் மறுத்தார்கள். 50 பேர்மேல் கலகக் குற்றம், 15 ஆண்டு வரை சிறை.

இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

இருபத்திரண்டு வயதில் ஒரு கெமிக்கல் குடோனில் வேலை பார்த்தேன். அமில கேன் உடைந்து கூட இருந்த அண்ணனின் கை வெந்துபோனது. மறுநாள் கையுறை கேட்டேன். "லோடு அவசரம், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். கையுறை இல்லாமல் தொடமாட்டேன் என்றேன். திமிர் பிடித்தவன் என்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு இருந்தது திமிர் இல்லை, பயம். எனக்கு வேலைதான் போனது. போர்ட் சிகாகோ வீரர்களையோ சுட்டுக்கொல்வோம் என்று மிரட்டினார்கள்.

ராணுவத்தில் கட்டளையை மீறலாமா என்கிறீர்கள். சரி, நியாயமான கேள்விதான். பயிற்சி கொடுக்காமல் சாகச் சொல்வது மட்டும் ஒழுங்கா?

போர் முடிந்தபின் உரிமை கேட்கலாமே என்கிறீர்கள். 1941-இல் கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனுக்குப் பேரணி வருவோம் என்ற பிறகுதான் அதிபர் ரூஸ்வெல்ட் பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் பாகுபாட்டைத் தடுத்துக் கையெழுத்துப் போட்டார். போர் முடிந்து 1946 பிப்ரவரியில் சீருடையோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போன கறுப்பின ராணுவ வீரர் ஐசக் வுடார்டுக்கு, தென் கரோலினா போலீஸ் அடித்ததில் இரண்டு கண்ணும் போனது. அடித்த போலீஸ் தலைவர் விடுதலையானார். இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

"எதற்கெடுத்தாலும் நிறத்தை இழுக்கிறாய்." இதுதான் அதிகம் வலித்தது, எழுதியவர் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். நானா இழுத்தேன்? தானம் வந்த ரத்தத்தைக்கூட நிறம் பார்த்துப் பிரித்து வைத்த காலம் அது. போர்ட் சிகாகோவில் இறந்தவர் குடும்பத்துக்கு 5,000 டாலர் என்று பேச்சு வந்தது. பெரும்பாலோர் கறுப்பர்கள் என்று தெரிந்ததும் ஒரு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் எதிர்த்தார். கடைசியில் 3,000 ஆனது.

2024 ஜூலை 17 அன்று, சரியாக 80 ஆண்டு கழித்து, அமெரிக்கக் கடற்படையே அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது. கேட்க அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

நண்பர்களே, அந்த ஹார்ட்டை எடுத்துவிடுங்கள்.