பனி நெரிசலில் மின்சார கார் மூன்று மணி நேரம்தான் தாங்குமா?

‘பனியில் மாட்டினால் மின்சார காரின் பேட்டரி மூன்றே மணி நேரத்தில் தீர்ந்து, உள்ளே இருப்பவர்கள் உறைந்துபோவார்கள்.’ 2022 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலை ஒரு நாளுக்கு மேல் முடங்கியபோது பரவிய இந்தச் செய்தி தவறு.

கணக்குப் போட்டாலே தெரியும். முன்கண்ணாடிப் பனியை உருக்கும் தொடக்க நிமிடங்களில் ஹீட்டர் 5 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். உள்ளே சூடேறிய பிறகு, நிற்கும் காருக்குப் பொதுவாக 1 முதல் 2 கிலோவாட் போதும், கடுங்குளிரில் கூடலாம். 60 கிலோவாட்-மணி பேட்டரியில் பாதிதான் மிச்சம் என்றாலும், 2 கிலோவாட் கணக்கில் 15 மணி நேரம் வரும்.

குளிரில் ஓடும் தூரம் குறைவது உண்மைதான். சார்ஜ் குறைவாக வைத்துக் கிளம்பினால் சிக்கல்தான், பெட்ரோல் குறைவாகக் கிளம்புவதைப் போலவே. பெட்ரோல் காரின் புகைக்குழாயைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே வரலாம். அதைப் பற்றி அந்தச் செய்தி மூச்சே விடவில்லை.