என் வீட்டுச் சாவிக்கு நான் டிக்கெட் போடணுமாம்

அத்தான் லாட்ஜ் வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்கு விடுகிற ஹோஸ்டிங்காரரின் புதுப் பேனலை, அதாவது வெப்சைட்டை நிர்வகிக்கிற பக்கத்தைத் திறந்தால், பச்சை நிறத்தில் ஒரு வட்டம். முழுசாக நிரம்பி, நடுவில் 100% என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. ஏதோ பிள்ளை கணக்கில் சென்டம் வாங்கிவிட்ட மாதிரி பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை வேறு. பத்து ஜிபி இடத்தையும் எது தின்றது என்று கேட்டால் அந்த வட்டத்துக்குத் தெரியாது. தொட்டுப் பார்த்தேன். அமுக்கிப் பார்த்தேன். இரண்டு தடவை தட்டினேன். "பெரிய பிளானுக்கு மாறுங்கள்" என்று இன்னொரு பக்கம் திறந்தது. அவ்வளவுதான் அந்த வட்டத்துக்குத் தெரிந்த வித்தை.

எட்டு ரூம் லாட்ஜுக்கு வெப்சைட்டில் பத்து ஜிபிக்கு என்ன இருக்கும் சொல்லுங்கள். எட்டு ரூமையும் நாலு கோணத்தில் எடுத்த படம், ஐந்தருவி, பேரருவி, அத்தான் வாசலில் கைகூப்பி நிற்கிற படம். எல்லாம் சேர்த்து ஒரு ஜிபி தேறாது.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை. குற்றாலத்தில் சாரல் பிடித்து நாலு நாளாகிறது. கொல்லத்திலிருந்தும் புனலூரிலிருந்தும் ஆட்கள் ரூம் கேட்டு மெயில் போடுகிற நேரம். அத்தான் போன் போட்டு, "மாப்ள, ரெண்டு நாளா ஒரு மெயிலும் வரமாட்டேங்கு. சீசன்ல இப்படி இருக்காதே"ன்னு இழுத்தார். அனுப்பியவர்களுக்கெல்லாம் "பெட்டி நிரம்பிவிட்டது" என்று திரும்பிப் போயிருக்கிறது. இந்த மாதிரி ஹோஸ்டிங்கில் வெப்சைட்டும் மெயிலும் ஒரே பானையில்தான். ஒன்று பொங்கினால் இன்னொன்று அடுப்பில் வழியும்.

பழைய பேனல் (சிபேனல் என்று பெயர்) இருந்தவரை இது ஐந்து நிமிட வேலை. டொமைன் பெயர், அதன் வாலில் 2083 என்ற எண், கதவு திறந்துவிடும். உள்ளே போனால் பலசரக்குக் கடை மாதிரி இருக்கும். ஐகான் மேல் ஐகான், பாதி எதற்கென்றே தெரியாது. அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பலசரக்குக் கடையில் கேட்டது கிடைக்கும். இடம் எங்கே போகிறது என்று ஃபோல்டர் வாரியாகக் காட்டும். ஃபைல் மேனேஜர், பேக்கப், டிஎன்எஸ், வெப்சைட் ஓடுகிற பிஹெச்பி என்ற நிரல்மொழியில் எந்தப் பதிப்பு வேண்டும் என்பது வரை எல்லாம் நம் கையில். 2016இல் நானே தூக்கக் கலக்கத்தில் வெப்சைட் ஃபோல்டரை மொத்தமாக அழித்தவன்தான், மறைக்கவில்லை. அதே பேனலில் ஞாயிற்றுக்கிழமை பேக்கப்பை எடுத்து நானே திரும்பப் போட்டேன். அத்தானுக்கு இன்று வரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

எங்கள் ஹோஸ்டிங்காரர் (பெயர் வேண்டாம், சொன்னால் அதுவும் அவருக்கு விளம்பரம்) மூன்று வாரம் முன்பு ஒரு கடிதம் அனுப்பினார். "உங்களுக்காகவே எளிமையாக்கிவிட்டோம்." எனக்காகவாம். நான் எப்போது கேட்டேன்? 2019இல் சிபேனல் தன் கட்டணத்தை சர்வருக்கு இவ்வளவு என்பதிலிருந்து கணக்குக்கு இவ்வளவு என்று மாற்றியபோது ஹோஸ்டிங் வியாபாரிகள் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது உண்மைதான். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கில் ஆளை ஏற்றி மினி பஸ் ஓட்டியவர்களுக்குக் கணக்கு உதைத்திருக்கும். சிலர் டைரக்ட்அட்மின் என்ற வேறு பேனலுக்குப் போனார்கள். போகட்டும், அதிலும் ஃபைல் மேனேஜர் உண்டே. எங்கள் ஆள் அதற்கும் காசு கொடுக்க மனசில்லாமல், இத்தனை வருஷம் கழித்துச் சொந்தமாக ஒன்று செய்துவிட்டார். அதில் மொத்தம் ஆறு பொத்தான். நாலு பொத்தான் கடைக்குப் போகிறது, ஒன்று "உதவி", ஒன்று "வெளியேறு". ஒழுங்காக வேலை செய்வது கடைசிப் பொத்தான் மட்டும்.

எங்கள் ஊர் கதை தெரியும்தானே? செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம். அதற்கப்புறம் தமிழ்நாடு, எல்லை புளியரைக்கு மேலே நகர்ந்துவிட்டது. ஆனால் பழைய எல்லையான பிரானூரை இன்றைக்கும் "பார்டர்" என்றுதான் சொல்கிறோம். பஸ்ஸில் "பார்டர் ஒண்ணு" என்றால் கண்டக்டர் மறுபேச்சு பேசாமல் டிக்கெட் கிழிப்பார். ஒரு மாநிலமே மாறியும் ஜனங்களுக்குப் பழகின வழி அப்படியே இருக்கிறது. இவர் ஒரே ராத்திரியில் என் வழியை அடைத்துவிட்டு, எளிமை என்கிறார்.

சரி, "உதவி"யை அமுக்கினேன். முதலில் ஒரு எந்திரம் வந்தது. "வணக்கம், நான் உங்கள் தோழி" என்றது. டிஸ்க் நிரம்பிவிட்டது தாயே என்றேன். "வாழ்த்துகள்! உங்கள் தளம் வளர்கிறது" என்றது. ஆள் வேண்டும், ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று மூன்று முறை அடித்தபின் வரிசையில் 14ஆவது ஆளாக உட்கார வைத்தது. அரை மணி. வரிசை 3க்கு வந்த நேரத்தில் கரண்ட் போனது. சாரல் நேரத்தில் எங்கள் தெருவில் அது பிரார்த்தனை மாதிரி தவறாமல் நடக்கும். வைஃபை போய் மொபைல் நெட்டுக்கு மாறினேன். வீடு புளியரைப் பக்கம். காற்று எந்தத் திசையில் அடிக்கிறதோ அந்த மாநிலத்து டவர் பிடிக்கும். கேரளா டவர் பிடித்து, மலையாளத்தில் வரவேற்பு எஸ்எம்எஸ் வந்தது. சாட் பெட்டி, "வேறு இடத்திலிருந்து வருகிறீர்கள், பாதுகாப்புக்காக வெளியேற்றுகிறோம்" என்றது. அய்யா, நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மறுபடி உள்ளே போனேன். மறுபடி தோழி. மறுபடி வாழ்த்துகள். இந்தத் தடவை 19.

பத்தே முக்காலுக்கு மனிதர் ஒருவர் வந்தார். டொமைன் பெயர் கேட்டார், சொன்னேன். என்ன பிரச்சினை என்றார், சொன்னேன். "புரிகிறது சார், உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." வருந்தி முடித்ததும் பிரவுசர் கேஷை, அதாவது அது சேர்த்துவைத்த பழைய பக்கங்களை, காலி செய்யச் சொன்னார். நிரம்பியது உங்கள் சர்வர், நான் என் பிரவுசரைக் கழுவி என்ன ஆகப்போகிறது? சண்டை வேண்டாமென்று கழுவினேன். வேறு பிரவுசரில் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், அந்த வட்டம் அதிலும் பச்சைதான். பெரிய பிளானுக்குப் போகலாமே என்றார். எது இடத்தை அடைக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "கண்டிப்பாக சார். அதற்கு முன் நீங்கள்தான் கணக்கின் சொந்தக்காரர் என்று உறுதி செய்ய, பதிவு செய்த மெயிலுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம்."

பதிவு செய்த மெயில் எது தெரியுமா? அந்த லாட்ஜ் மெயில்தான். இரண்டு நாளாக ஒரு கடுதாசியும் உள்ளே நுழையாத, நிரம்பி வழிகிற, எதற்காக இந்த மனிதரை அழைத்தேனோ அதே மெயில்.

சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். பெட்டி நிரம்பியதால் மெயில் வராது, மெயில் வராததால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன் என்றேன். இரண்டு நிமிடம் அந்தப் பக்கம் டைப் செய்கிற மூன்று புள்ளிகள் குதித்தன. "புரிகிறது சார். மறுபடியும் அனுப்பியிருக்கிறோம், ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள்."

மெயிலை மாற்றிக் கொடுக்கிறேன் என்றேன். மாற்ற டிக்கெட் (மெயிலில் போடுகிற புகார் மனு) போட வேண்டுமாம். டிக்கெட்டைப் பதிவு செய்த மெயிலிலிருந்துதான் போட வேண்டுமாம். அனுப்பினால் டிக்கெட் எண் எங்கே வரும் என்றேன். "அதே மெயிலுக்கு சார்." அவருக்கே அதைச் சொல்லும்போது ஏதோ இடறியிருக்கும். மூன்று புள்ளிகள் கொஞ்ச நேரம் குதிக்காமல் நின்றன.

அப்போதுதான் பழைய லேப்டாப் ஞாபகம் வந்தது. பரணில், சபரிமலைக்குக் கொண்டுபோன பையின் அடியில். ஒரு கீபோர்டு எழுத்து விழுந்துபோன அந்த லேப்டாப்பில், பேனல் இல்லாமலே சர்வரில் இருக்கிற ஃபைல்களை நேராகத் தொடவிடுகிற ஃபைல்ஜில்லா உண்டு, அதில் நாலு வருஷம் முன்பு சேமித்த எஃப்டிபி பாஸ்வேர்டு உண்டு. கிளிக் செய்தேன். திறந்துகொண்டது! முன்வாசலைச் சுவர் வைத்து அடைத்துப் பூந்தொட்டி வைத்தவர்கள் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார்கள்.

உள்ளே பார்த்தால், எரர் லாக் என்று, வெப்சைட் தன் பிழைகளை எழுதிவைக்கிற ஒரே ஒரு ஃபைல். 8.6 ஜிபி. குற்றவாளி இவன்தான். இவனைப் பெற்றது யார்? பேனலை மாற்றின அதே ராத்திரி யாரிடமும் கேட்காமல் பிஹெச்பியை 7.4இலிருந்து 8க்குத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். 7.4க்கு 2022 நவம்பரோடு ஆதரவு முடிந்தது, மாற்ற வேண்டியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லிவிட்டு மாற்று. எங்கள் ரூம் காலண்டர் பழைய நிரல். இல்லாத ஒரு பெயரைத் தேடினால் 7.4 'நோட்டீஸ்' என்று முணுமுணுத்துவிட்டுப் போகும், 8 'வார்னிங்' என்று எழுதிவைக்கும். எட்டு ரூம், வருஷம் முழுக்கத் தேதி. பக்கத்தை ஒருத்தர் திறந்தால் ஆயிரக்கணக்கில் வரி. ஆள் வருகிறானோ இல்லையோ, தேடுபொறி எந்திரங்கள் ராப்பகலாக வந்து திறந்துகொண்டே இருக்கும். மூன்று வாரத்தில் மகாபாரதம் எழுதி முடித்துவிட்டது. பழைய பேனல் இருந்திருந்தால் பிஹெச்பியைத் தற்காலிகமாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மறுநாள் காலையில் காபியோடு நிரலைத் திருத்தியிருப்பேன்.

ஃபைலை அழிக்க நாற்பது நொடி. நிரலில் ஒரு வரி சேர்க்க ஐந்து நிமிடம். பதினொன்றே முக்காலுக்கு மெயில் வர ஆரம்பித்தது. முதலில் வந்து விழுந்தவை என்னவென்று நினைக்கிறீர்கள்? கொல்லத்துக்காரர் இல்லை, புனலூர்க்காரர் இல்லை. கொஞ்சம் முன்பு அனுப்பிய இரண்டு ஆறு இலக்க எண்கள், இரண்டுமே காலாவதி.

சாட் பெட்டி இன்னும் திறந்துதான் கிடந்தது. சரியாகிவிட்டது, நானே பார்த்துக்கொண்டேன் என்று போட்டேன். "உங்கள் பிரச்சினையைத் தீர்த்து வைத்ததில் மகிழ்ச்சி சார்! எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தர முடியுமா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே, தனியாக, இருட்டில், கரண்ட் இல்லாத வீட்டில் உட்கார்ந்து சிரித்தேன். அம்மா எழுந்துவந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பசி வேறு. எட்டு மணிக்கே பார்டரில் வாங்கிய பரோட்டா பார்சல் ஆறி வாழையிலையோடு ஒட்டிக் கிடந்தது. சரி, சால்னாவையாவது ஊற்றிச் சாப்பிடலாம் என்று கவரை எடுத்தேன். அண்ணே, பார்சல் கட்டுகிற அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சால்னா கவரின் கழுத்தில் நூலை எதற்கு இருபது சுற்று சுற்றுகிறீர்கள்? முடிச்சு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது? நகம் போட்டும் வரவில்லை, பல்லால் கடித்தும் வரவில்லை. கடைசியில் கத்திரிக்கோலால் ஓரமாகத்தான் வெட்டினேன். பாதிச் சால்னா லுங்கியில், மிச்சம் லேப்டாப்பில். அந்த எழுத்து விழுந்த ஓட்டைக்குள் நேராகப் போய் இறங்கியது.