ஃபான்டானா வெறும் டைப்பிஸ்ட் இல்லை

ராடன்பெரி உருவாக்கிய அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் ஸ்டார் ட்ரெக்; அதன் முக்கியப் பாத்திரங்களில் ஒருவன் ஸ்பாக். அதற்குக் கதை எழுதிய பெண் ஃபான்டானா. "டி.சி. ஃபான்டானா ராடன்பெரியின் செயலாளர்தானே, ஸ்பாக்கின் குடும்பக் கதை எல்லாம் அவர் சொல்ல இவர் டைப் அடித்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ராடன்பெரியிடம் அவர் செயலாளராக வேலை பார்த்தது உண்மை. ஆனால் ஸ்டார் ட்ரெக் வருவதற்குப் பல வருடம் முன்பே, 1960-லேயே, கௌபாய் தொடர் ஒன்றுக்குக் கதை விற்றவர் அவர்.

ஸ்டார் ட்ரெக்குக்கு ஜெரி சோல் எழுதிய ஒரு கதையில் காதல் வருவது சுலு என்ற இன்னொரு பாத்திரத்துக்கு. அதை ஸ்பாக்குக்கு மாற்றித் திருத்தி எழுதியவர் ஃபான்டானா. அதற்கப்புறம்தான் தொடரின் கதைகளைத் திருத்தும் 'ஸ்டோரி எடிட்டர்' பதவியே கிடைத்தது.

ஸ்பாக் பாதி மனிதன், பாதி வல்கன் என்ற வேற்றுக்கிரகவாசி என்பது ராடன்பெரியின் யோசனை, அதில் சண்டை இல்லை. ஆனால் அப்பா சாரெக்கும் அம்மா அமாண்டாவும் ஸ்பாக்கின் பெற்றோராக நம் முன் வந்து நிற்பது 1967-இல் ஃபான்டானா எழுதிய 'ஜர்னி டு பேபல்' எபிசோடில். வல்கன் அறிவியல் அகாடமியை விட்டு ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்வெளிப் படைக்குப் போன மகனோடு 18 வருடம் முகம் கொடுத்துப் பேசாத அப்பா! நம் வீட்டுப் பெரியவர்கள் தோற்றார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கும் அம்மா. மகனின் ரத்தம் இருந்தால்தான் அப்பா பிழைப்பார் என்ற நிலையில், கப்பலின் பொறுப்பை விட்டு வர மாட்டேன் என்கிறான் ஸ்பாக். அமாண்டா அவன் கன்னத்தில் ஓர் அறை விடுகிறார். அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள்.

அதற்காக வல்கன் விஷயம் மொத்தத்தையும் இவர் கணக்கில் எழுதவும் வேண்டாம். வல்கன்களின் இணைசேரும் காலமான பான் ஃபார் தியடோர் ஸ்டர்ஜன் எழுதியது, விரல்களை V போலப் பிரித்துக் காட்டும் அந்தக் கை வணக்கம் ஸ்பாக்காக நடித்த நிமோய் கொண்டுவந்தது.