பெயரை மாற்றினால் பூட்டிய ஃபைல் திறக்காது

“ரான்சம்வேர் தாக்கினால் பயம் வேண்டாம். ஃபைல் பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்துகளை அழித்துவிட்டு ஆன்டிவைரஸ் ஓட்டினால் எல்லாம் திரும்பிவிடும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. ரான்சம்வேர் என்பது ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ்.

‘கல்யாணம்.ஜேபிஜி.டிஜேவியு’ என்று மாறிய ஃபைலில் அந்தக் கடைசித் துண்டை அழித்தால் பெயர் பழையபடி ஆகும், படம் திறக்காது. உள்ளே இருக்கும் தகவலே, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டுவிட்டது. ஆன்டிவைரஸ் அந்த வைரஸை நீக்கும், பூட்டுக்கான சாவியைத் தராது.

“தெரியாத லிங்கைத் தொடாவிட்டால் போதும்” என்பதும் அரைகுறைதான். திருட்டு சாஃப்ட்வேர் வழியாகவும் வரும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர், யாரும் எதையும் கிளிக் செய்யாமலே விண்டோஸின் ஓட்டை வழியாகக் கணினிக்குக் கணினி தாவியது. அதை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள்.

சரி, மாட்டிக்கொண்டால்? உடனே நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பேக்கப் ஹார்ட் டிஸ்க்கை அப்போது செருகவே செருகாதீர்கள், அதுவும் பூட்டிக்கொள்ளும். வைரஸை நீக்கிய பிறகும் பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் வைத்திருங்கள். நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், உங்களுக்கு வந்த வகைக்குச் சாவி இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். எல்லா வகைக்கும் கிடையாது.

அந்தச் செய்தி உங்கள் குரூப்பிலும் வந்தால், தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.