லிக்விட் உரம் மட்டும் போதும்னு சொல்றது சரியில்லைங்க

அண்ணா, "மலையில திட உரம் போட்டா மழை அடிச்சிட்டு போயிடும், லிக்விட் மட்டும் அடிச்சா கேரட்டுக்கு போதும்"னு மேல போட்டிருக்கீங்க, இத நம்பி யாராச்சும் அடியுரத்த (விதைக்கிறதுக்கு முன்னாடி மண்ணுல போடுற உரம்) நிறுத்திட்டா விளைச்சல் படுத்துடும்ங்க, அதான் எழுதறேன். கோத்தகிரி பக்கம் எங்களுக்கும் சரிவுத் தோட்டந்தான். மழையில கரைஞ்சு ஓடுறது முக்கியமா தழைச்சத்து (நைட்ரஜன்), அத தண்ணியில கலந்து மண்ணுல ஊத்துனாலும் அதே மழையில ஓடத்தான் செய்யும்.

கணக்கு போட்டுப் பாருங்க. 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் 19 சதவீதம் இருக்குற, தண்ணியில கரையுற உரம்) லிட்டருக்கு 5 கிராம், ஏக்கருக்கு 200 லிட்டர் இலையில அடிச்சா மொத்தமே 1 கிலோ உரம், அதுல தழைச்சத்து வெறும் 190 கிராம். 10 கிலோ யூரியாவுல 4.6 கிலோ இருக்கு. எத்தன தடவ ஸ்ப்ரே பண்ணி இத ஈடு கட்டுவீங்க?

மணிச்சத்து (பாஸ்பரஸ்) கதை வேற. நம்ம நீலகிரி மண்ணு புளிப்பு மண்ணு, அதுல இருக்குற இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தப் பிடிச்சு வெச்சுக்கும், அதனால மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்ட மேலாக்க தூவாம வேருக்குப் பக்கத்துல மண்ணுக்குள்ள வெக்கணும், மண் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு டோலமைட் (சுண்ணாம்புக் கல்லு மாதிரி ஒரு கல்லுப் பொடி) போட்டு புளிப்பயும் கொறைக்கணும். யூரியாவ பெருமழைக்கு முன்னாடி மொத்தமா கொட்டாம ரெண்டு மூணா பிரிச்சு மண் அணைக்கிறப்ப போடுங்க, பாதிப் பிரச்சன அதுலயே தீரும்.

லிக்விட் வேணாம்னு சொல்லல. பூந்தொட்டிக்கும் நாத்துக்கும் அது நல்லதுதான். அப்புறம் டிசம்பர் ஜனவரில மண்ணு சில்லுனு கெடக்குறப்ப தொழுவுரம் மெதுவாத்தான் மக்கும், அப்ப செடி வெளுத்துச்சுன்னா இலையில அடிச்சா சீக்கிரம் புடிச்சுக்கும்ங்க.