"இந்த விலைக்கு இது போதும்" என்று சொல்லாதீர்கள்

போன மாதம் தங்கச்சியின் மகனுக்கு ஒன்பது வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு ஒரு ஆக்‌ஷன் பிகர் வாங்கிக் கொடுத்தேன், கை கால் மடக்கி விளையாடுகிற பொம்மை. விண்வெளிப் படைவீரன். சாம்பல் நிறக் கவசம், தோளில் ஆரஞ்சுக் கோடு, கழற்றி மாட்டக்கூடிய தலைக்கவசம், கையில் நீளமான துவக்கு. உயரம் ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. திருகோணமலை டவுனில் ஒரு கடையில் 2,900 ரூபாய். பெட்டியில் தெரிந்த கொம்பனிப் பெயர் எதுவும் இல்லை.

காசு கொடுக்கும்போது கூட வந்த நண்பன் சொன்னான்: "இந்த விலைக்கு இது போதும்டா." ஒரு மாதமாக அந்த வசனம் என் மண்டைக்குள் நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விலை குறைந்த சாமான் என்றால் அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையும் குறைந்துவிடுகிறது என்று நாங்கள் நினைக்கிறோம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. சேகரிப்புக்காக விலை கூடியது வாங்குகிறவரிடம் ஏற்கனவே ஒரு தட்டு நிறைய இருக்கும். ஒன்றின் கை கழன்றால் அடுத்ததை எடுத்து வைப்பார். 2,900 ரூபாய்க்கு வாங்குகிற வீட்டில் அந்த ஒன்றுதான் இருக்கும். பிள்ளை வருசம் முழுக்க அதோடுதான் திரியும். அப்படியென்றால் எதைக் கூடுதல் கவனமாகப் பார்த்து வாங்க வேண்டும்?

பெரிய கொம்பனிகளின் ஆறு அங்குல பிகர் ஒன்று அமெரிக்கக் கடைகளில் 25 டொலர் அளவில் போகிறது. 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபாயில் இருந்தபோது அது 5,000 ரூபாய். டொலர் 300 என்றால் 7,500. அனுப்பும் கூலியும் வரியும் அதற்கு மேலே. இங்கே மாதச் சம்பளத்தில் வீடு நடத்துகிறவர்கள் அந்தப் பக்கம் போக முடியாது. எங்கள் பிள்ளைகளின் கைக்கு வருவது இந்தப் பெயரில்லாத வீரர்கள்தான். அவர்களையும் யாராவது ஒழுங்காக எடைபோட வேண்டாமா?

விலையைக் குறைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1964 இல் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கக் கொம்பனி ஜி.ஐ. ஜோ என்ற படைவீரன் பொம்மையை வெளியிட்டபோதுதான் "ஆக்‌ஷன் பிகர்" என்ற பெயரே வந்தது. அது 12 அங்குல உயரம், துணி உடுப்பு. 1978 இல் கென்னர் கொம்பனி ஸ்டார் வார்ஸ் படத்தின் பாத்திரங்களைச் செய்தபோது உயரத்தை மூன்றே முக்கால் அங்குலமாக்கியது. வீரன் 12 அங்குலம் என்றால் அவன் ஏறுகிற விண்கலம் மேசை அளவுக்கு வரும், அதை யார் வாங்குவது? மூட்டுகளும் ஐந்துதான்: கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு. முழங்கால் மடங்காது. ஆனால் பிள்ளை கொண்டாட்டமாக எறிந்து விளையாடினாலும் தாங்கியது. அந்தக் காலத்துப் பிகர்களை இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். கென்னர்காரர் எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று யோசித்துத்தான் குறைத்தார்கள்.

எங்கள் வீரனின் பெட்டியில் 22 மூட்டு என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரி. ஆனால் கணுக்காலைப் பாருங்கள். கால் முனையில் ஒரு சின்ன உருண்டை, அது பாதத்துக்குள் இருக்கும் குழியில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். வலது காலில் உருண்டை குழியை விட மயிரிழை சிறிது. விரலால் தொட்டாலே பாதம் தானாகத் தொங்கும். மருமகன் அவனை விறாந்தைக் கட்டின் மேல் நிறுத்துவான், கச்சான் காற்று ஒரு தட்டுத் தட்டும், விழுந்துவிடுவான். திரும்ப நிறுத்துவான், திரும்ப விழுவான். கடைசியில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "மாமா, இவனுக்குக் காலில் காயம்" என்றான். பிள்ளை கதையை மாற்றிச் சமாளித்துக்கொண்டது. எனக்கு மனசு சரியாக இல்லை. நிற்க முடியாத வீரனுக்கு 22 மூட்டு எதற்கு? பத்தைக் கழித்துவிட்டு இரண்டு கணுக்காலை ஒழுங்காகச் செய்திருக்கலாம்.

வலது முழங்கை இன்னொரு கதை. நிறம் பூசியது காயுமுன் பொருத்தியிருக்க வேண்டும், மூட்டு ஒட்டிப்போயிருந்தது. பிள்ளை முறுக்கப் பார்த்தது, நான் பிடித்து நிறுத்தினேன். முறுக்கினால் உள்ளே இருக்கும் ஆணி அறுந்துவிடும். இதற்கு வழி சுடுதண்ணீர். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், தேத்தண்ணிச் சூடு போதும். ஒரு நிமிசம் கையை அமிழ்த்தி வைத்தால் பிளாஸ்டிக் இளகும், மெதுவாக அசைத்தால் மூட்டு விடும். வளைந்த துவக்கையும் இப்படியே நிமிர்த்தி, உடனே குளிர்தண்ணீரில் போட்டால் அந்த வடிவத்திலேயே நிற்கும். "கன்னியாவுக்குக் கொண்டுபோவமா மாமா?" என்று கேட்டான். கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூட்டில் நாங்கள் குளிக்கலாம், பிளாஸ்டிக் இளக அது காணாது என்று சொல்லிக் கேத்திலை வைத்தேன்.

முகத்தைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. இடது கண்ணின் கறுப்பு இமைக்கு மேல் ஏறியிருக்கிறது. தலைக்கவசத்தைப் போட்டால் தெரியாது. இந்த விலையில் கையால் தொட்டுவைத்த கண் கொஞ்சம் விலகும், விட்டுவிடலாம். கவசத்தின் செதுக்கு உண்மையிலேயே அழகு. முதுகில் இருக்கும் ஒட்சிசன் குழாய்களின் வரிகள்கூடத் தனித்தனியாகத் தெரிகின்றன. அச்சை வெட்டிய ஆள் வேலையை நேசித்துச் செய்திருக்கிறார்.

விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்று இருக்கிறது, நெடி. பிவிசி பிளாஸ்டிக்கை மென்மையாக்கத் தாலேட் என்ற இரசாயனங்களைச் சேர்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் அவற்றில் சில வகைகள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கின்றன. மூக்கால் மணந்து தாலேட் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆனால் திறந்தவுடனே தலையிடிக்கிற மாதிரி மணக்கிற, தொட்டால் பிசுபிசுக்கிற சாமானை 300 ரூபாய்க்குத் தந்தாலும் நான் பிள்ளை கையில் கொடுக்க மாட்டேன். எங்கள் வீரனில் அந்த நெடி இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோயிருப்பேன்.

அப்புறம், இது கடற்கரை ஊர். முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகாணிகள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். டச் பே கடற்கரை மணலில் விளையாடிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள். மணல் ஒன்று மூட்டுக்குள் போனால் உரசி உரசியே அது தளர்ந்துவிடும்.

கணுக்காலுக்கு வருகிறேன். தங்கச்சியிடம் நிறமில்லாத கியூடெக்ஸ் வாங்கி, பாதத்தைக் கழற்றி, உருண்டையில் மெல்லிசாக இரண்டு பூச்சுப் பூசி ஒரு இரவு காயவிட்டேன். இப்போது இறுக்கமாகப் பிடிக்கிறது. காலையில் மருமகன் அவனைக் கட்டின் மேல் நிறுத்திவிட்டுக் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு மெதுவாக எடுத்தான். வீரன் நின்றான்.

ஆனால் அந்தப் பூச்சை நான் சாமானின் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது அதைச் செய்தவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை. செதுக்குக்கும், நல்ல பிளாஸ்டிக்குக்கும், பிள்ளையின் ஒரு மாத விளையாட்டுக்கும் சேர்த்து என் மதிப்பு 2,000 ரூபாய். மிச்சம் 900 ரூபாய் கூட.

இப்போது வீரனுக்கு ஒரு எதிரி வேண்டுமாம். இந்த முறை கடையில் பெட்டியைத் திறந்து, மேசையில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் காசு கொடுப்பேன். திறக்க விடாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போவோம் என்று மருமகனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.